படம் நகரவே மாட்டேங்குதா? மெதுவான படத்தைக் கொட்டாவி விடாமல் பார்க்க ஒரு வழிகாட்டி

"அவார்டு படம்" என்று சொன்னாலே பாதிப் பேருக்குப் பின்கழுத்து வலிக்க ஆரம்பித்துவிடுகிறது. ஒருவர் நடப்பார், நடந்துகொண்டே இருப்பார், கேமரா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும், பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "மாப்ள, இவன் எப்பத்தான்டா போய்ச் சேருவான்?" நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வி தோன்றாமல் எப்படிப் பார்ப்பது, தோன்றியது சரியாகவே இருந்தால் எப்போது எழுந்து வருவது, ரெண்டையும் சொல்கிறேன். சேலத்தில் இருந்து எழுதுவதால் உதாரணமெல்லாம் இந்தப் பக்கமாகவே இருக்கும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். மெதுவான படம் வேறு, இழுவைப் படம் வேறு. நம் ஆட்கள் ரெண்டையும் சேர்த்து "ஜவ்வு", "லேக்", "மொக்கை" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள், அங்கேதான் குழப்பமே.

இழுவைப் படம் பெரும்பாலும் வேகமான படம் போலத்தான் வேஷம் போட்டு வரும். ஹீரோ காரிலிருந்து இறங்குவார், ஸ்லோமோஷன். ஸ்லோமோஷன் என்பது வேறொன்றுமில்லை, வினாடிக்கு 48 ஃபிரேம், அதாவது 48 தனிப் படம் எடுத்து 24 ஃபிரேம் கணக்கில் ஓட்டினால் 4 வினாடி நடை 8 வினாடியாகிவிடும், அவ்வளவுதான். இப்படி நடந்தும் திரும்பியும் கண்ணாடியைக் கழற்றியும் மொத்தமாக எத்தனை நிமிடம் போகிறது என்று கணக்குப் பார்த்தால் ஒரு தனிக் குறும்படமே எடுத்துவிடலாம். அப்புறம், நாம் கண்ணால் பார்த்த விஷயத்தை ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்கு வாயால் விளக்கும், அது போதாதென்று அதே காட்சியைப் பிளாஷ்பேக்கில் மறுபடி காட்டுவார்கள். ரெண்டாம் பாதியில் வில்லனுக்கு ஒரு பழைய கதை, அதற்குள் ஒரு பாட்டு. வெட்டு வேகமாக விழுந்துகொண்டே இருக்கும், ஆனால் புதிதாக ஒன்றும் வராது. இந்த வகைக்கு என்னிடம் மருந்து இல்லை. வீடாக இருந்தால் ஓட்டிவிடுங்கள், தியேட்டராக இருந்தால் இன்டர்வெல்லில் வண்டியை எடுங்கள்.

மெதுவான படம் தெரிந்தே மெதுவாக எடுக்கப்பட்டது. ஒரு ஷாட்டை, அதாவது இடையில் வெட்டில்லாமல் ஓடும் ஒரு துண்டை, நாலு நிமிடம் வைத்திருந்தால் அந்த நாலு நிமிடத்திலும் எதையோ பார்க்கவோ கேட்கவோ கொடுத்திருப்பார்கள். சோதனை எளிது. ஒரு நீளமான ஷாட் வரும்போது, "அரை நிமிடத்துக்கு முன்னால் எனக்குத் தெரியாத ஏதாவது இப்போது தெரிகிறதா?" என்று கேளுங்கள். ஆள் களைத்துவிட்டார், வெளிச்சம் குறைகிறது, தூரத்தில் யாரோ வருகிறார்கள், அடுப்பில் எதுவோ கருகுகிறது, எதுவாக இருந்தாலும் சரி. நாலைந்து ஷாட்டிலும் பதில் "இல்லை" என்றால் படத்தில்தான் குறை, உங்களிடம் இல்லை. பெரிய இயக்குநர் என்பதற்காக விட்டுக்கொடுக்க வேண்டியதும் இல்லை. ஸ்டான்லி குப்ரிக் 1968-ல் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யை முதல் காட்சி போட்ட பிறகு தானே உட்கார்ந்து சுமார் 19 நிமிடத்தை வெட்டினார். அவ்வளவு நிதானமான படத்தை எடுத்தவருக்கே அதற்குள்ளும் இழுவை எது என்று தெரிந்திருக்கிறது.

சேலத்துக்காரனுக்கு வேகம்தான் பிடிக்கும், கலைப்படமெல்லாம் இங்கே ஓடாது என்று ஒரு பேச்சு உண்டு. வேகம் பிடிக்கும் என்பது உண்மைதான், அதற்கு வரலாறும் இருக்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இந்த ஊர் ஸ்டுடியோ, ஏற்காடு ரோட்டில் அதன் வளைவு இன்னும் நிற்கிறது. 1950-ல் 'மந்திரி குமாரி', 1956-ல் தமிழின் முதல் முழு வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எல்லாம் அங்கிருந்து வந்தவை. கொள்ளைக்கூட்டம், கத்திச்சண்டை, குகை என்று பார்வையாளனை நிமிரவைத்தே அனுப்பிய கம்பெனி. அதனால் வேகம் நமக்குப் பழக்கம், ஒத்துக்கொள்கிறேன். பொறுமை இல்லை என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஐந்து ரோடு டிராஃபிக்கில் சாயங்காலம் நிற்கிறவனுக்கா பொறுமை இல்லை?

சரி, தயாரிப்புக்கு வருவோம்.

நேரத்தைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு சாப்பிட்டுவிட்டு மேட்னி ஷோவுக்குப் போய் மெதுவான படம் பார்ப்பது தூங்குவதற்குக் காசு கொடுப்பதுதான். ஏப்ரல், மே மாதங்களில் இது இன்னும் மோசம், வெளியே சேலம் வெயில், உள்ளே ஏசி, பத்தாவது நிமிடம் கண் சொருகும். காலைக் காட்சிதான் நல்லது, அதுவும் நன்றாகத் தூங்கி எழுந்த நாளில். வேடிக்கை என்னவென்றால் இந்த மாதிரிப் படங்களுக்குப் பெரும்பாலும் காலைக் காட்சிதான் ஒதுக்குவார்கள், திங்கட்கிழமைக்குள் அதையும் எடுத்துவிடுவார்கள். எனவே வெள்ளி, சனிக்குள் போய்விடுங்கள். தட்டுவடை செட்டைப் படத்துக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். வசனமே இல்லாத காட்சியில் பக்கத்து சீட்டில் யாராவது நொறுக்கினால் அதுதான் பின்னணி இசை.

நீளத்தைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். தொடக்கத்தில் திரையில் காட்டும் சென்சார் சர்ட்டிஃபிகேட்டில் எத்தனை நிமிடம் என்று இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் உடம்பை அதிகம் நெளியவைக்கும். 75 நிமிடப் படம் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் அப்போதே போய்விடும். கதையையும் ஒரு வரி தெரிந்துகொண்டு போகலாம், தப்பே இல்லை. "அடுத்து என்ன?" என்பதில் ஓடுகிற படமாக இருந்தால் கதை தெரிந்தால் கெட்டது. இங்கே அப்படி ஓடுவது குறைவு.

கூட்டிப்போகிற ஆள் ரொம்ப முக்கியம். குடும்பத்தோடு, பெரியப்பா பெரியம்மாவோடு, மூன்று வயசுக் குழந்தையோடு போகாதீர்கள். படம் கெட்டால் பரவாயில்லை, அடுத்த தீபாவளி வரை அதையே சொல்லிக் காட்டுவார்கள். தனியாகப் போங்கள், இல்லை, காதில் கிசுகிசுக்காத ஒரே ஒருவரோடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போரடிப்பது படம் மெதுவாகப் போவதால் அல்ல, கண்ணுக்கும் காதுக்கும் வேலை இல்லாததால். வேகமான படத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை எடிட்டர் முடிவு செய்துவிடுகிறார், முகம், கை, துப்பாக்கி, மறுபடி முகம். மெதுவான படத்தில் அந்த வேலை உங்கள் தலையில் விழுகிறது. எடுத்துச் செய்யவில்லை என்றால் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள், சும்மா இருப்பவருக்குத் தூக்கம் வரும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஏதாவது கொலுசுப் பட்டறையில் நின்று பாருங்கள். வேலை தெரியாதவருக்கு ஒரு ஆள் குனிந்து உட்கார்ந்து ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்கிறார், அவ்வளவுதான். எந்த வளையத்தில் எது கோக்கப்படுகிறது, எந்த இடத்தில் பற்றவைக்கும்போது கை ஒரு நொடி தயங்குகிறது என்று கவனிக்கத் தொடங்கினவர் அரை மணி நேரம் நகரமாட்டார். ஆள் செய்கிற வேலை மாறவில்லை, பார்க்கிறவர் எதைத் தேடுகிறார் என்பது மாறிவிட்டது.

அப்படி எதைத் தேடுவது? முதலாவது, திரும்ப வருவதைத் தேடுங்கள். பெல்ஜியம் இயக்குநர் ஷாந்தால் அக்கர்மன் 25 வயதில் எடுத்த 'ழான் டீல்மன்' (1975) 201 நிமிடம். ஒரு விதவை, பள்ளிக்குப் போகும் மகன், மூன்று நாள். சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், லைட்டை அணைக்கிறாள், மறுபடி சமைக்கிறாள். உலகத்திலேயே போரான படம் என்று பலர் சத்தியம் செய்வார்கள், 2022-ல் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை விமர்சகர்களிடம் வாக்கெடுத்தபோது எல்லாக் காலத்துக்கும் சிறந்த படமாக முதலிடம் பிடித்ததும் இதுவேதான். இதைப் பார்க்கும் முறை: முதல் நாளை மனப்பாடம் செய்யுங்கள். எந்தப் பாத்திரத்தின் மூடியை எப்போது திறந்து மூடுகிறாள், எந்த அறையை விட்டு வரும்போது சுவிட்சைத் தட்டுகிறாள், எல்லாம். ரெண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துபோகும். மூடி மூடப்படாமல் கிடக்கும். முதல் நாளை ஒழுங்காகப் பார்த்தவருக்கு அந்தத் திறந்த மூடி சண்டைக் காட்சியைவிடப் பதற்றமாக இருக்கும். பார்க்காதவருக்கு அது வெறும் பாத்திரம். நம் வீட்டில் அம்மா ஒருநாள் காபியில் சர்க்கரை போட மறந்தால் என்னமோ சரியில்லை என்று உடனே தெரிகிறதில்லையா, அந்தக் கண்தான் இங்கே வேண்டும்.

(ஹங்கேரிக்காரர் பேலா தாரின் 'தி டுரின் ஹார்ஸ்', 2011, அதிலும் அப்பாவும் மகளும் தினமும் ஆளுக்கொரு வேகவைத்த உருளைக்கிழங்குதான் தின்கிறார்கள். சுமார் ரெண்டரை மணி நேரப் படத்தில் மொத்தமே 30 ஷாட். மெதுவான படம் எடுப்பவர்களுக்கும் உருளைக்கிழங்குக்கும் ஏதோ ஒப்பந்தம் இருக்கிறது.)

ரெண்டாவது வேலை காதுக்கு. பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' (2024) படத்துக்குப் பின்னணி இசையே கிடையாது. இசை இருந்தால் இங்கே பயப்படு, இங்கே அழு என்று அது சொல்லிவிடும். இல்லாதபோது ஷேர் ஆட்டோ சத்தம், சேவல் கொக்கரிப்பு, வண்டிக்குள் யாரும் பேசாத அந்த இறுக்கம் எல்லாவற்றிலிருந்தும் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' (1979) படத்தில் மூன்று பேர் தண்டவாள டிராலியில் போகும் காட்சி ஒன்று உண்டு. பல நிமிடத்துக்குப் பின்தலையும் பக்கவாட்டு முகமும்தான். கண்ணை மட்டும் நம்பினால் தூங்கிவிடுவீர்கள். சக்கரச் சத்தத்தைக் கேளுங்கள், அது கொஞ்சம் கொஞ்சமாக உருமாறி எலக்ட்ரானிக் ஒலியாகிவிடும், அது எந்த இடத்தில் நடந்தது என்று பிடிக்க முயன்றாலே காட்சி ஓடிவிடும். இதனால்தான் டிவியின் சொந்த ஸ்பீக்கரில் இந்தப் படங்களைப் பார்க்காதீர்கள் என்கிறேன். சுமாரான ஹெட்போன் போதும்.

மூன்றாவது, ஃபிரேமின் ஓரம், அதாவது திரையில் தெரியும் காட்சியின் ஓரம். ஆள் நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தால் கதவைப் பாருங்கள், ஜன்னலைப் பாருங்கள், பின்னால் போகிறவர்களைப் பாருங்கள். ஷாட் எப்போது வெட்டப்படும் என்று மனசுக்குள் பந்தயம் கட்டுவதும் நல்ல விளையாட்டு. நாம் நினைத்த இடத்தில் வெட்டாமல் இன்னும் பத்து வினாடி விட்டிருந்தால், அந்தப் பத்து வினாடியில்தான் விஷயம் இருக்கும்.

வீட்டில் பார்ப்பவர்களுக்குத் தனியாகச் சிலது. போன் அடுத்த அறையில் இருக்கட்டும், சைலன்ட்டில் பக்கத்தில் இருந்தால் போதும் என்பது நடக்காத காரியம். 1.5 வேகத்தில் ஓட்டாதீர்கள், மெதுவான படத்தை வேகமாக ஓட்டினால் மெதுவும் போய்ப் படமும் போய்விடும். புது டிவிகளில் படத்தை வழவழவென்று காட்டுவதற்காக இடையில் இல்லாத ஃபிரேம்களைச் செருகும் ஒரு வசதி இருக்கும், பிக்சர் செட்டிங்கில் தேடி அணைத்துவிடுங்கள், சினிமா மெகா சீரியல் மாதிரித் தெரிவதற்கு அதுதான் காரணம். இந்தப் படங்கள் பல இருட்டாக இருக்கும், மத்தியானம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும்.

பிரித்துப் பார்க்கலாமா என்றால், தாராளமாக. பேலா தாரின் 'சாத்தான்டாங்கோ' (1994) ஏழு மணி நேரத்துக்கு மேல், தியேட்டரிலேயே இடைவேளை விட்டு விட்டுத்தான் போடுகிறார்கள். ஆனால் ஒரு ஷாட்டின் நடுவில் நிறுத்தாதீர்கள், வெட்டு விழும் இடத்தில் நிறுத்துங்கள். இன்னொன்று, ஆங்கில சப்டைட்டிலை வேகமாகப் படிக்க வராது என்று வெளிநாட்டுப் படத்தையே தொடாதவர்கள் நிறைய. அவர்களுக்கு மெதுவான படம்தான் வசதி. 'டுரின் ஹார்ஸ்' மாதிரிப் படத்தில் படிக்க வேண்டியதே கொஞ்சம்தான்.

ஏற்காட்டில் ரெண்டு நாள் தங்க வாய்ப்புக் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் வேண்டாம், சனி ஞாயிறும் வேண்டாம், மழைக்காலத்தில் ஒரு வார நாளில் போங்கள். படத்தைக் கீழேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள், மேலே சிக்னலை நம்ப முடியாது, கரண்டையும் நம்ப முடியாது, லேப்டாப்பில் முழு சார்ஜ் இருக்கட்டும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்து, போனை எடுக்காமல், பாட்டுக் கேட்காமல் ஏறிப் பாருங்கள். மரம் மாறுவது, காற்று மாறுவது, ஒவ்வொரு வளைவிலும் சேலம் கொஞ்சம் சின்னதாவது என்று பார்த்துக்கொண்டே வந்தால் படத்துக்கு வேண்டிய கண் தயார். பாதியில் போனை எடுத்துவிட்டால் அன்றைக்குப் படம் வேண்டாம், ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

எந்தப் படத்தில் தொடங்குவது? எடுத்த எடுப்பில் ஏழு மணி நேரத்தில் குதிக்காதீர்கள். என் வரிசை இது. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). வீடு கட்டிய எவரும் அதைப் போர் என்று சொல்லமாட்டார், கடன், கான்ட்ராக்டர், சிமெண்ட் என்று எல்லாம் நாம் பட்டதுதான். சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டைத் தனியாகப் போய்ப் பார்க்கும் காட்சியில் வசனம் இல்லை, இளையராஜா மட்டும். பார்க்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிடும். அப்புறம் ஜப்பான் இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953), வயதான அப்பா அம்மா பட்டணத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை. ஜப்பான் என்பது பத்து நிமிடத்தில் மறந்துபோகும்.

அடுத்து லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). ஏற்காடு எஸ்டேட் பக்கம் உறவு இருப்பவர்களுக்கு இது இன்னும் பிடிபடும். இங்கே காபி மூட்டை, அங்கே ஏலக்காய் மூட்டை, சுமக்கிற முதுகும் சொந்த நிலம் வேண்டும் என்ற ஆசையும் ஒன்றுதான். பிறகு வினோத்ராஜின் 'கூழாங்கல்', 2021-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அப்பனும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள், நடக்கிறார்கள், அதுதான் படம். பையன் ஒரு கல்லை வாயில் போட்டுக்கொள்வதைத் தவற விடாதீர்கள், ஏன் என்று சொல்லமாட்டேன். இவ்வளவும் தாண்டி வந்தவர் அக்கர்மன், தார்க்கோவ்ஸ்கி, தார் என்று எங்கே வேண்டுமானாலும் போகலாம். 'சாத்தான்டாங்கோ'வை முழுசாகப் பார்க்கப் பயமாக இருந்தால் அதன் முதல் ஷாட்டை மட்டும் போட்டுப் பாருங்கள், சேற்றில் மாடுகள், சுமார் எட்டு நிமிடம். அதிலேயே தெரிந்துவிடும் உங்களுக்கு ஒத்துவருமா வராதா என்று.

தூக்கம் வந்துவிட்டால்? தூங்குங்கள். ஈரான் இயக்குநர் கியாரோஸ்தமியே தியேட்டரில் கொஞ்சம் கண்ணயர விடும் படங்களைத் தனக்குப் பிடிக்கும் என்றும், அந்தப் படங்கள்தான் பிறகு ராத்திரியில் தூங்கவிடாமல் செய்திருக்கின்றன என்றும் சொல்லியிருக்கிறார். குறட்டை மட்டும் வேண்டாம்.

எழுந்து வருவதற்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் மூன்றில் ஒரு பங்கு வரை நியாயமாகப் பாருங்கள், கண்ணுக்கும் காதுக்கும் வேலை தேடிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒன்றும் ஒட்டவில்லை என்றால் கிளம்பலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "உனக்குப் புரியலைன்னா படம் தப்பா?" என்று கேட்கும் ஆட்கள் வருவார்கள். அவர்களிடம், எந்த ஷாட்டில் என்ன பார்த்தாய், சொல்லு என்று கேளுங்கள். நிஜமாகப் பார்த்தவர் ஆசையாகச் சொல்லத் தொடங்குவார், அவரோடு உட்கார்ந்து ஒரு டீ குடிக்கலாம். மற்றவர் "அது ஒரு அனுபவம்" என்பார். அவரை விட்டுவிடுங்கள்.

நீங்கள் யாரையாவது இழுத்துக்கொண்டு போய் அவர் நெளிந்துகொண்டே பார்த்திருந்தால், வெளியே வந்ததும் படத்தை விளக்க ஆரம்பிக்காதீர்கள். தட்டுவடை செட்டு உங்கள் கணக்கு. அடுத்த படத்தை அவர் தேர்ந்தெடுக்கட்டும், அது ஹீரோ பதினைந்து தடவை ஸ்லோமோஷனில் நடக்கும் மூன்று மணி நேரப் படமாக இருந்தாலும் முணுமுணுக்காமல் போய்விட்டு வாருங்கள்.